பிரம்படி படாத கடவுள்

கைபேசி விளையாட்டுகளைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று கவலைகளோடு நின்றுவிடுகிறது: கண் கெடும், படிப்பு கெடும், பணம் போகும். அரசின் கவலையும் ஏறக்குறைய அதுவரைதான். 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், அதன் கீழ் 2025-இல் வந்த விதிகளும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே குறிவைத்தன. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் அவற்றை ஆடக்கூடாது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை யாருமே உள்ளே நுழையக்கூடாது என்றன. வேண்டிய சட்டம்தான். ஆனால் பணயம் எதுவும் வைக்காத, ரத்தம் சிந்தாத, பார்வைக்குப் பரம சாதுவான ஒரு வகை விளையாட்டு இந்தக் கவலைகளுக்கெல்லாம் வெளியே நிற்கிறது. ஒரு மனிதரை உருவாக்கு, வீடு கட்டிக் கொடு, சாப்பிட வை, வேலைக்கு அனுப்பு, கல்யாணம் செய்து வை, பிடிக்கவில்லையென்றால் அழித்துவிடு என்று அது சொல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல் என நம் சமயங்கள் கடவுளுக்கு மட்டுமே ஒதுக்கிய மூன்று தொழில்களையும் எட்டு வயதுப் பிள்ளை பள்ளி விட்டு வந்து இரவுச் சாப்பாட்டுக்குள் செய்து முடிக்கிறது. அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட கடவுளாக இருக்கப் பழகுகிறது என்பதே இங்கே நான் கேட்க விரும்பும் கேள்வி.

தென்னேரி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. வாலாஜாபாத்தை அடுத்த இந்த ஊரின் பெரிய ஏரியைத் தொண்டைமான் இளந்திரையனோடு இணைத்துச் சொல்லும் பழைய மரபு இருக்கிறது. சுற்றிலும் காஞ்சிப் பட்டு நெசவு. கொஞ்ச தூரத்தில் கோயில்களால் நிறைந்த காஞ்சிபுரம். இப்படிப்பட்ட ஊர்களில் கைபேசி பிள்ளைகளின் கைக்கு வந்தது பாடத்தின் பெயரால். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில், வசதி குறைந்த வீடுகளும் எப்படியோ பணம் புரட்டி ஒரு போன் வாங்க வேண்டியிருந்தது. பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. சிம்ஸ், டோக்கா லைஃப், ரோப்லாக்ஸ் என்று காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளக்கூடிய வாழ்க்கை விளையாட்டுகள் அதில் ஏறின. அடிதடி இல்லாததால் பெற்றோரும் நிம்மதியாக விட்டுவிட்டார்கள். அந்த நிம்மதியைத்தான் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற சிம்ஸ், எரிந்துபோன ஒரு வீட்டிலிருந்து பிறந்தது. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீயில் வில் ரைட் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் தன் வீட்டை இழந்தார். வாழ்க்கையை மறுபடி முதலிலிருந்து அமைத்துக்கொள்ள என்னென்ன பொருள்கள் உண்மையில் தேவை என்று அவர் யோசித்ததிலிருந்து உருவான திட்டத்துக்கு முதலில் பொம்மை வீடு என்றே பெயர். அது வீடு கட்டும் விளையாட்டு. கட்டிய வீடு நன்றாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடுவதற்காகவே அதற்குள் மனிதர்களை விட்டார்கள். பிறகு வீட்டை விட மனிதர்கள் சுவாரசியமாகிப் போனதால் 2000 பிப்ரவரியில் வெளிவந்தபோது அது மனிதர்களை நடத்தும் விளையாட்டாகிவிட்டது. ஆனாலும் பிறவிக் குணம் போகவில்லை. சிம்ஸ் மனிதருக்கு எட்டுத் தேவைகள் உண்டு: பசி, உடல் சுகம், சுத்தம், கழிப்பறை, தெம்பு, கேளிக்கை, பழக்கம், அறையின் அழகு. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பட்டை. பச்சையாக இருந்தால் நலம், சிவப்பாகச் சரிந்தால் ஆபத்து. விலை கூடிய நாற்காலி சுகப் பட்டையைச் சீக்கிரம் ஏற்றும். இருவருக்கிடையே உள்ள நட்புக்கும் காதலுக்கும்கூட எண் உண்டு. பேசினால் ஏறும், திட்டினால் இறங்கும். பொருள்கள் சேரச் சேர அவையே மனிதனின் நேரத்தைத் தின்றுவிடும் என்ற கேலியும் விளையாட்டுக்குள் இருப்பதாக ரைட் சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்கு அது பிடிபடலாம். பட்டையைப் பச்சையாக்கும் வேகத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேலி எட்டுமா என்பது சந்தேகமே.

நம்மிடமும் வாழ்க்கை விளையாட்டுகள் இருந்தன, இருக்கின்றன. மணலில் சிறுவீடு கட்டி, மணலையே சோறாகச் சமைத்துப் பரிமாறிய பிள்ளைகளைச் சங்கப் பாட்டு தொடங்கிப் பிள்ளைத்தமிழ் வரைக்கும் காண்கிறோம். மரப்பாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவந்த மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணுமான இரண்டு பொம்மைகள். கண், மூக்கு, வாய் ஏதோ கோடு போட்டதுபோல் இருக்கும். சிரிப்பும் இருக்காது, அழுகையும் இருக்காது. அதற்குப் பசிக்கிறது என்று சொல்வது பிள்ளை. காய்ச்சல் என்று நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது பிள்ளை. பழைய ரவிக்கைத் துணியைச் சுற்றி, குளிருமே என்று இன்னொரு சுற்றுச் சுற்றுவதும் பிள்ளைதான். பொம்மை எதையும் தெரிவிப்பதில்லை. எதிரே இருக்கும் உயிரற்ற மரத்துக்குள் ஒரு உள்ளம் இருப்பதாக வைத்து, அந்த உள்ளத்துக்கு என்ன வேண்டியிருக்கும் என்று தன் உள்ளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வேலையைப் பிள்ளையே செய்தாக வேண்டும். அந்த வேலைதான் விளையாட்டு. சிம்ஸில் அந்த வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. பசிக்கிறது என்று பட்டை சொல்கிறது. பிள்ளை விரலால் தொட்டு நிவர்த்தி செய்கிறது. இரண்டுமே பராமரிப்புத்தான். முதலாவதில் பிறர் நோவை ஊகித்து உணரும் பயிற்சி இருக்கிறது. இரண்டாவதில் அறிவிப்பைப் படித்து ஆவன செய்யும் பயிற்சி இருக்கிறது. வள்ளுவர் அறிவுக்கு வைத்த கடுமையான சோதனை, அது பிற உயிரின் துன்பத்தைத் தன்னுடையதாக எண்ணிக் காக்கிறதா என்பது. அந்தச் சோதனையில் தேற வேண்டிய திறன் மனப்பாடத்தால் வருவதில்லை. எட்டு வயதில், பத்து வயதில், பேசாத ஒன்றுக்காகப் பேசிப் பேசித்தான் அது வளர்கிறது.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கலாம். தமிழில் மிகப் பழைய ஆதாரம் நற்றிணையின் 172-ஆம் பாட்டு. சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதற்கு நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உனக்குத் தங்கை என்று அவர்களில் ஒருத்தியிடம் சொல்கிறாள் தாய். அந்தச் சிறுமி வளர்ந்து காதலிக்கும் பருவத்தில், அந்தப் புன்னையின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள், தங்கை எதிரில் எப்படி என்று. புன்னை ஒரு மரம் என்பது அவளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த நாணம் உண்மையானது. அவள் நடத்தையையே அது மாற்றுகிறது. விளையாட்டில் கொண்ட உறவு விளையாட்டு முடிந்த பிறகும் மதிப்பாக உள்ளே நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இது வெறும் விளையாட்டு என்று தெரியும், ஆகையால் பாதிப்பு இருக்காது என்று வாதிடுகிறவர்களுக்கும் இதுவே என் பதில். தெரிந்திருப்பதும் பதிந்துபோவதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

எந்திரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் கொண்டுவந்த தமகோச்சியை நினைத்துப் பார்க்கலாம். முட்டை அளவுள்ள கருவி, அதற்குள் சில புள்ளிகளால் ஆன ஒரு குஞ்சு. அது கீச்சிட்டுக் கூப்பிடும். ஊட்ட வேண்டும், கழிவை அகற்ற வேண்டும், கவனிக்காவிட்டால் செத்துப்போகும். ஜப்பானில் விற்ற கருவியில் இறந்த குஞ்சுக்குக் கல்லறையும் ஆவியும் தோன்றின; அமெரிக்காவுக்குப் போனபோது அதைத் தேவதையாக்கி மரணத்தை மென்மைப்படுத்தினார்கள். பிள்ளைகள் எந்திரங்களோடு கொள்ளும் உறவைப் பல்லாண்டு ஆராய்ந்த ஷெரி டர்கிள், இத்தகைய கருவிகளைக் குறித்து ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார்: நம்மை நேசிக்கிற பொருளை விட, நம்மிடம் பராமரிப்பைக் கேட்கிற பொருளிடமே நாம் அதிகம் ஒட்டிக்கொள்கிறோம். தமகோச்சி செத்ததற்காகப் பிள்ளைகள் அழுதது உண்மை. அந்த அழுகையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இன்னொன்றும் அதில் இருந்தது: செத்தது செத்ததுதான், மறுபடி தொடங்கினால் வருவது வேறு குஞ்சு. பின்னால் வந்த விளையாட்டுகள் பலவற்றில் பழைய நிலையைச் சேமித்து வைத்து, பிடிக்காதது நடந்தால் அதற்கு முந்திய நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம். வினை உண்டு, ஆனால் விளைவை வேண்டாமென்று சொல்லும் உரிமையும் உண்டு. சைவம், வைணவம், பௌத்தம், சமணம் என்று காஞ்சியில் வாழ்ந்த நெறிகள் எத்தனையோ கேள்விகளில் சண்டையிட்டன. செய்த வினை செய்தவனை விடாது என்பதில் மட்டும் அவற்றுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இனி சமயத்தின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். விளையாட்டு என்பதைக் கீழான விஷயமாக நம் மரபு கருதியதே இல்லை. கம்பன் தன் காவியத்தின் வாசலிலேயே உலகைப் படைப்பதையும் நிறுத்துவதையும் நீக்குவதையும் இறைவனின் முடிவில்லா விளையாட்டாகச் சொல்லித்தான் சரணடைகிறான். மதுரையில் சிவன் நிகழ்த்தியவை அறுபத்து நான்கு திருவிளையாடல்கள். கடவுளே விளையாடுகிறார் என்றால், பிள்ளை கடவுளாக விளையாடுவதில் என்ன குற்றம் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கான விடை அந்தத் திருவிளையாடல்களிலேயே இருக்கிறது. வையை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் வந்திக்கு ஆள் இல்லை. சிவன் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, மண் சுமந்து, ஆடிப் பாடி, தூங்கியும் போகிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுகிறது, அடித்தவன் முதுகிலும். விளையாடுகிறவர் தன் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறார். அதில் அடி வாங்குகிறார். அந்த அடி அவரோடு நிற்பதில்லை. விளையாடுபவருக்கும் விளையாடப்படுபவருக்கும் இடையே சுவர் கிடையாது. நம் மரபு கடவுளுக்கு விளையாட உரிமை கொடுத்தது இந்த நிபந்தனையின் பேரில்தான்.

காஞ்சியின் தலபுராணம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கம்பை ஆற்றங்கரையில் அம்மை மணலால் ஒரு லிங்கம் பிடித்து வழிபடுகிறாள். வெள்ளம் வருகிறது. மணல்தானே, வெள்ளம் வடிந்ததும் இன்னொன்று பிடித்துக்கொள்ளலாம் என்று அவள் கரையேறவில்லை. தன் உடம்பால் அதை அணைத்துக்கொள்கிறாள். வளைத் தழும்பு லிங்கத்தின் மேல் பதிகிறது. ஏகாம்பரநாதருக்குத் தழுவக் குழைந்தவர் என்ற பெயர் அப்படி வந்தது. பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்குரியதாக இன்றும் வணங்கப்படுவது அந்த மணல் உருதான். தன் கையால் செய்த ஒன்றைத் தன் உடம்பை இடையில் வைத்துக் காப்பவளைத் தெய்வமாகக் கொண்ட ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளை, தான் செய்த மனிதரை விரலால் ஒரு தள்ளு தள்ளி நீக்கிவிட்டு அடுத்தவரைச் செய்யத் தொடங்குகிறது. நீச்சல் குளத்தில் இறக்கி ஏணியை எடுத்துவிட்டால் சிம்ஸ் மனிதர் மூழ்கிச் சாவார் என்பது அந்த விளையாட்டை ஆடியவர்களிடையே உலகெங்கும் பரவிய வேடிக்கை. செய்தவர்கள் யாரும் கொலைகாரர்களாகிவிடவில்லை, ஆகவும் மாட்டார்கள். வன்முறை விளையாட்டுகளையும் உண்மையான வன்முறையையும் நேராக முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவுபடுத்தியதை நான் ஏற்கிறேன். என் கவலை குற்றத்தைப் பற்றியது இல்லை. தான் நோகாத இடத்தில் நின்று பிறரை நடத்துவது இன்பமானது என்ற ருசியைப் பற்றியது. அந்த ருசி சட்டத்தை மீறாமலே ஒரு முழு ஆயுளை நடத்தும்: வீட்டில், அலுவலகத்தில், வேலையாட்களிடம், வயதான பெற்றோரிடம்.

நவராத்திரிக் கொலுவும் வெளியே நின்று நடத்துவதுதானே என்று ஒரு மறுப்பு எழலாம். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெருவென்றே ஒரு தெரு உண்டு. அங்கே செய்யப்படும் மண், காகிதக்கூழ் பொம்மைகள் தமிழ்நாடெங்கும் போகின்றன. கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, கிரிக்கெட் ஆட்டம் என்று முழு வாழ்க்கையும் அங்கே பொம்மையாகிறது. வீட்டுப் பிள்ளைகள் படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவார்கள்: தட்டில் மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து, முளைத்த பச்சைக்கு நடுவே கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து, கரையில் மாடு, பெஞ்சு, கிழவர். வெளியே நின்று அடுக்குகிற ஆட்டம்தான் இதுவும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். அடுக்கி முடித்த பிள்ளை அதன் எதிரிலேயே விழுந்து கும்பிடுகிறது. தான் வைத்த உலகத்துக்குத் தான் மேலே இல்லை என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த உலகம் பிள்ளைக்கு மட்டும் சொந்தமில்லை. விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துத்தான் கொலுவைக் கலைக்கத் தொடங்குகிறோம். கலைப்பதற்கும் ஒரு முறை, ஒரு மரியாதை.

பரமபதமும் வாழ்க்கை விளையாட்டுத்தான். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது. ஏணி நற்செயல், பாம்பு தீச்செயல். எண்ணிக்கையாலேயே நடக்கிற ஆட்டம் அது என்று சுட்டிக்காட்டி, எண்ணைக் குறைசொல்லும் என் வாதத்தை ஒருவர் மடக்க முடியும். எண் இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பரமபதத்தில் பாம்பு விழுங்குவது ஆடுபவரின் காயைத்தான். உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பாம்பில் சறுக்கி அடிக்கு வரும்போது வலிப்பது ஆடுபவருக்குத்தான். இதை எதிர்த்திசையில் நிறுவும் உதாரணம் 1985-இல் வந்த அல்டிமா நான்கு. ரிச்சர்ட் காரியட் என்ற அமெரிக்கர், அரக்கனைக் கொல்வதை விட்டு எட்டு நற்குணங்களை அடைவதையே இலக்காக வைத்து அதை வடிவமைத்தார். உயர்ந்த நோக்கம். பிச்சைக்காரருக்குப் பொன் கொடுத்தால் கருணை ஏறும். ஆடியவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், மொத்தமாகக் கொடுப்பதை விட ஒரு பொன்னாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் லாபம் என்று. நல்ல குணத்தை விளையாட்டின் பொருளாக வைத்தாலும், அதைக் கணக்காக வைத்தால், பிச்சைக்காரர் கணக்கை ஏற்றும் கருவியாகிவிடுகிறார். மணிமேகலை பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியை வைத்தபோது குருடர், செவிடர், ஆதரவற்றோர், நோயாளிகள், விலங்குகள் எல்லாருக்கும் அதிலிருந்து உணவு போனது. அந்தப் பாத்திரத்தின் பெருமையே அது குறையாதது, எனவே எண்ண முடியாதது.

வாழ்க்கை விளையாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எரிக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் 20-இல், உலகம் ஊரடங்கில் நுழைந்த அதே நாட்களில், நிண்டெண்டோ வெளியிட்ட அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் விளையாட்டில் ஆடுகிற பிள்ளை மேலிருந்து பார்ப்பதில்லை. தீவில் குடியிருக்கும் பலரில் ஒருவராக இருக்கிறது. மற்ற குடியிருப்பவர்களை அதனால் இயக்க முடியாது. பேசலாம், பரிசு கொடுக்கலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். விளையாட்டின் நாளும் நம் நாளும் ஒன்றாகவே நகரும். பல நாள் போகாமல் இருந்தால் களை மண்டிக் கிடக்கும்; எங்கே போயிருந்தாய் என்று அண்டை வீட்டார் கேட்பார்கள். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், நிறுவனமே தந்த உண்மையான ஆட்ட நேரக் கணக்கைக் கொண்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இதை அதிகம் ஆடியவர்களின் மனநலம் சிறிதளவு கூடுதலாகவே இருந்தது. அது பெரியவர்களிடம் செய்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா மூன்றிலும் மாணவர்களிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வு, பிறருக்கு உதவும் விளையாட்டுகளை ஆடுவதற்கும் உதவும் நடத்தைக்கும் தொடர்பு கண்டது. இவை என் வாதத்துக்கு எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. நல்ல விளையாட்டு நல்லது செய்யும் என்றால் விளையாட்டு மதிப்புகளை உருவாக்குகிறது என்றுதானே ஆகிறது? பாதிப்பே இல்லை என்பவர்கள் நல்ல பாதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மரப்பாச்சியும் மணல்சோறும் பெண்பிள்ளையைச் சமையலறைக்கும் கல்யாணத்துக்கும் தயார்செய்த விளையாட்டுகள். கொலு எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. சாதியும் வசதியும் அதற்கு வேலி போட்டிருந்தன. சிம்ஸில் பெண் விஞ்ஞானி ஆகலாம், ஆண் சமைக்கலாம், யாரும் யாரையும் விரும்பலாம். யாரும் சாதி கேட்பதில்லை. இது மெய், பெரிய விடுதலையும்கூட. இன்னும் ஒன்று. காஞ்சிப் பட்டின் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம்; மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இன்னொருவர் ஒரு பிள்ளை. முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுத் தறியில் உட்கார்த்தப்பட்ட காஞ்சிபுரத்துப் பிள்ளைகளின் நிலையை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை உலகத்துக்குச் சொன்னது. அந்தப் பிள்ளைகளுக்கு மரப்பாச்சியும் இல்லை, கொலுவும் இல்லை, எந்த விளையாட்டும் இல்லை. இன்று அதே மண்ணின் பிள்ளைகள் படித்து, மாலையில் விளையாடவும் செய்கிறார்கள் என்பதைக் குறையாகப் பேச எனக்கு வாய் வராது. பழங்காலம் பொற்காலம் என்று நான் சொல்லவே இல்லை. பழைய விளையாட்டு கற்பித்த பாத்திரங்கள் குறுகியவை; அவற்றை மீட்டுக் கொண்டுவர வேண்டாம். அது பழக்கிய உள்வேலை, எதிரே இருப்பதற்குள் புகுந்து உணர்வது, அந்தக் குறுகிய பாத்திரங்களோடு சேர்ந்து தொலைந்துவிடக் கூடாது. பெண்பிள்ளைக்கு மட்டுமே அந்தப் பயிற்சி கிடைத்தது பழைய காலத்தின் அநியாயம் என்றால், ஆண்பிள்ளைக்கும் கொடுப்பதுதான் நியாயம். இருவரிடமிருந்தும் பிடுங்குவது நியாயமாகாது.

ஆகவே, பிள்ளை ஆடும் விளையாட்டை மதிப்பிட நேரக்கணக்கு ஒன்று போதாது. அதில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதும் போதாது. பிள்ளை அந்த உலகத்துக்குள் ஒருவராக நிற்கிறதா, மேலே ஒருவராக நிற்கிறதா என்று பெற்றோர் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளே இருந்தால், இழப்பும் காத்திருப்பும் அடுத்தவரின் விருப்பமும் அதற்குக் கொஞ்சமாவது தட்டுப்படுகிறதென்று அர்த்தம், விட்டுவிடலாம். மேலே இருந்தால் போனைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் அந்த உலகம் இன்னும் இனிக்கும். அந்தத் திரை மனிதர் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று கேளுங்கள். பட்டையைப் படித்துப் பதில் சொன்னால், பட்டையை மறைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். வரும் நவராத்திரிக்கு, கொலு வைக்கும் வீடென்றால், ஒரு படியைப் பிள்ளையிடம் விடுங்கள், ஆண்பிள்ளையாக இருந்தாலும். கொலு வழக்கமில்லாத வீட்டில் ஒரு தொட்டியும் கைப்பிடி விதையும் போதும். மறந்தால் வாடும், வாடினால் திரும்ப முந்தைய நாளுக்குப் போக முடியாது. பள்ளி ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தாரும் விளையாட்டுக் கூடாது என்ற உபதேசத்தை நிறுத்திவிட்டு, வந்தியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அந்தப் பிரம்படி ஏன் எல்லார் முதுகிலும் விழுந்தது என்று அவர்களையே கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைப் பெரியவர்கள் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.